எதிர்ப்பாட்டு ஏறாத நாடா

பென்னாகரம்,
தை 24, 1968

மாதாவும் சூசையப்பரும் முன்னே நிற்க, சென்னையில் வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்க்கும் என் தம்பி மகன் சவுரியப்பனுக்கு அத்தை ராயம்மாள் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் ஆடு மாடுகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தேசம் தேசமாகப் போய்ப் பழைய பாட்டுகளை மிஷின் நாடாவில் பிடித்துவைக்கிற துரை என்று சொல்லிப் பொங்கல் கழிந்த நாலாம் நாள் அவரைக் கூட்டிவந்தது நீ. "கல்யாணத்துல பொண்ணு வூட்டுக்காரங்க ஏசிப் பாடுவாங்களே, அதுக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எதிர்ப்பாட்டுப் பாடுவாங்களே, அது ரெண்டும் வேணுமாங்க அத்தை" என்று கேட்டதும் நீ. நம் மருமகளைப் பார்க்க அவள் தாய் ராஜமேரி கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்தது தோதாகப் போயிற்று. பெண் வீட்டுக்கு அவள், மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்று பேசி முடித்தோம். அதற்குள் துரைக்கு மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைப் பாட்டு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உன் மாமா கிணற்றில் மாடு ஓட்டிக்கொண்டு பாடினார். பாட்டு நாலே வரி, மிச்சமெல்லாம் மாட்டைத் திட்டினது. "நடடா, உங்கப்பன் வூட்டுக்கா தண்ணி எறைக்கிற!" என்றது, கப்பி கிறீச்சிட்டது, சேவல் கூவினது எல்லாவற்றையும் துரை கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். அப்போதே சொன்னேனா இல்லையா, "டேய் சவுரி, நாடா தீந்துபோயிரப் போவுதுடா" என்று? "உலகத்து நாடா பூரா இவருகிட்டதானுங்க இருக்குது" என்று பெரிய மனிதனாட்டம் சொன்னாய்.

பிறகு ராஜமேரி பாடினாள்.

எட்டு மாடு கட்டிவச்சார்
எட்டுக்குமே பல்லு இல்ல
பட்டணம்போல் பந்தலிட்டார்
பந்திக்கொரு எலையுமில்ல
மாமனாரு மீசையத்தான்
வானம்பாக்க முறுக்குவாரு
மாமியாரு இருமிப்புட்டா
மாட்டடியில் பதுங்குவாரு

தெருவே சிரித்தது. அர்த்தம் தெரியாத துரைகூடச் சிரித்தார். சிரிக்கட்டும், என் முறை வருகிறதே என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தேன். டக், டக், டக் என்று சக்கரம் வெறுமனே சுற்றியது. நாடா தீர்ந்துபோயிற்று! துரை எனக்கு ஒரு கும்பிடு போட்டுப் பெட்டியை மூடினார். நீ காப்பியைக் குடித்துவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்க அத்தை" என்று ஜீப்பில் ஏறினாய்.

சவுரி, சின்ன வயதிலிருந்து நீ கல்யாணங்களில் பார்க்கிற முறை என்ன? ஏசினால் எதிர்ப்பாட்டு உண்டு. எதிர்ப்பாட்டு இல்லாமல் எழுந்தால், ஏசினது அத்தனையும் நிசம் என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். இப்போது நீ எழுதுகிறாய், அந்த நாடா துரையோடு மாசக் கடைசியில் கப்பலேறுகிறதாம், அவர் ஊரில் எல்லா நாட்டுப் பாட்டுகளோடும் நூறு வருஷம் கெடாமல் இருக்குமாம், வேண்டுகிறவர்கள் வந்து கேட்பார்களாம். அப்படியானால் நூறு வருஷத்துக்கு என் மாடுகளுக்குப் பல் கிடையாதா?

இங்கே சந்தைக்குப் போனால் உன் மாமாவை, "மாட்டடியில எடம் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். மனிதர் போன வெள்ளிக்கிழமை மீசையை எடுத்துவிட்டார். மீசை இல்லாத முகத்தோடு வந்தவரைப் பார்த்து நம் நாயே குரைத்தது. கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "அந்த நாட்டுல யாருக்கும்மா தமிழ் தெரியப் போவுது?" என்றார். "சிரிப்புக்குப் பாஷை வேணுங்களா சாமி? தெருவே சிரிக்கிறதும் சேந்துல்ல நாடாவுல இருக்குது!" என்றேன். அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். ராஜமேரியோ கம்பைநல்லூரில், "என் பாட்டு சீமைக்குப் போவுது, சம்பந்தியம்மாவுக்குத்தான் வாயே தொறக்கல" என்று சொல்லித் திரிகிறாளாம். எனக்கா வாய் திறக்கவில்லை?

ஆகையால் கப்பல் புறப்படுமுன் மிஷினோடு வந்து என் எதிர்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது. பதினாறு வரி வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் ராஜமேரி பாடினதை நாடாவிலிருந்து அழித்துவிட வேண்டியது. இரண்டும் செய்யாமல் என் வாசலை மிதிக்காதே.

நீ நூறு வயது இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல இடத்தில் பெண் அமைந்து நிறைவாக வாழத் தேவமாதாவை வேண்டும்,
உன் அத்தை,
ராயம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அழிக்காதே. அன்றைக்குக் காலையில் நான் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது ராஜமேரி வந்து, "சம்பந்தி, எனக்கு ஒரு வரியும் வர மாட்டேங்குது, என் மானத்தக் காப்பாத்துங்க" என்று கையைப் பிடித்தாள். எதிராளி சும்மா நின்றால் என் பாட்டுக்கு என்ன மதிப்பு என்று நான்தான் அந்த எட்டு வரியையும் கட்டிக் கொடுத்தேன். மீசையும் என் சொல், மாட்டடியும் என் சொல். அப்படி அமைந்த பாட்டு அந்தப் பெட்டியில் வேறு எந்தத் தேசத்திலிருந்தும் வந்திருக்காது. நாடாவின் மேல் ஒட்டுகிற சீட்டில் 'பாடியவர் ராஜமேரி' என்பதற்கு மேலே, 'கட்டியவர் ராயம்மாள், பென்னாகரம்' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல். உன் மாமாவிடம் மட்டும் மூச்சு விடாதே. மீசை இப்போதுதான் முளைக்கிறது.