ஃபாஸ்ட் அண்ணாச்சியின் இடுப்பு

தாராவியில் ஃபாஸ்ட் அண்ணாச்சியை நின்ற நிலையில் பார்த்தவர்கள் யாருமே கிடையாது. தோல் பை தைக்கிற பட்டறைகளுக்கு ஜிப்பும் பக்கிளும் சப்ளை செய்வது அவர் தொழில். நடந்துகொண்டேதான் ஆர்டர் வாங்குவார். பட்டறைக்காரர்கள் கூடவே ஓடிக் கலர் சொல்ல வேண்டும். நானும் அப்படி ஓடியவன்தான்.

அறுபது வயதில் இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். மறுநாள் வாக்கரைக் கொடுத்து நாலு எட்டு நடக்கச் சொன்னால், மனிதர் அடுத்த வார்டுக்கே போய்விட்டார். மராத்தி நர்ஸ், சித்தப்பா என்று அவர்கள் மொழியில் மரியாதையாக, “காக்கா! காக்கா!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட, பக்கத்துக் கட்டில் தமிழர் ஜன்னலில் காகத்தைத் தேடினாராம்.

மூன்றாம் மாதம் என் பட்டறைக்கு வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேன்ட்டில் ஈரம். தையல் போட்ட இடத்தில் சீழ்.

“என்ன அண்ணாச்சி இது?”

“வேர்வைடே. உங்க மதினிகிட்ட மூச்சு விட்டுராத. திரும்பவும் படுக்கப் போட்டுருவா.”

சிரித்தேன். பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கிவந்து ஒட்டினேன். ஒரு நாள் அல்ல, ஆறு வாரம். மதினியை ஏமாற்றுவதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

காய்ச்சலில் விழுந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மூட்டுக்குள்ளேயே கிருமி. அதைக் கழற்றி, மருந்து கலந்த தற்காலிக மூட்டு வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, பிறகு இன்னொரு ஆபரேஷனில் புது மூட்டு வைத்தார்கள். “கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது கிருமி இல்லை, வலியும் குறைவு. ஆனால் ஒரு கால் குட்டை. கையில் தடி. ஷூ மாட்டிவிட மதினி வேண்டும். ஆர்டரெல்லாம் போனில்தான். “நேத்து குர்லா பிளாட்பாரத்துல ஒரு கிழவிய முந்திட்டேன்டே!” என்றார் ஒரு நாள். கிழவி டீ குடிக்க நின்றிருந்ததை மதினி பிறகு சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் அவருடன் மெல்ல நடந்தபோது கேட்டே விட்டேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கே நான் மதினிகிட்ட சொல்லிருக்கணும், என்ன?”

“சொல்லிருந்தா சாகுற மட்டும் உங்கிட்ட பேசிருக்க மாட்டேம்ல.”

பேசாமல்தான் இருந்திருப்பார். தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பட்டறை வாசலை விறுவிறுவென்று கடந்து போயிருப்பார். அது போதுமாக இருந்திருக்கும் எனக்கு.