பஞ்சர் அண்ணனின் டீம்

ஃபுட்பாலைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் ஃபுட்பாலுக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனிதர், பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் ஒரே ஒருவர்தான். எங்கள் டீமின் முதல் ரசிகர். ஒரு வருஷம் வரைக்கும் ஒரே ரசிகரும் அவர்தான்.

பெயர் என்னவோ ஒன்று இருந்தது. சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் கடை வைத்திருந்ததால் எங்களுக்குப் பஞ்சர் அண்ணன். கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நாங்கள் பதினோரு பெண்கள் பழகிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நான் உதைத்த பந்து, அவர் ட்யூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. மனிதர் தலைமுதல் கால்வரை நனைந்துவிட்டார். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

"இன்னாமா, பொண்ணுங்க டீமா? மேட்ச்சு எப்போ?" என்றார்.

அந்த ஞாயிறு அம்பத்தூரில் முதல் மேட்ச். கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். எதிர் டீம் பந்தைத் தொட்டாலே "நோ பால்!" என்று கத்தினார். எங்கள் கோல்கீப்பர் செல்வியைப் பார்த்து, "சும்மா நின்னுகினே கீறியே, ஓடு பாப்பா!" என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று அவளும் ஓடினாள். காலி கோலில் பந்து நிதானமாக உருண்டு உள்ளே போனது. நடுவர் கோபமாக வந்தார்.

"யோவ், நீ கோச்சா?"

"இல்ல சார், பஞ்சர்."

ஏழு கோல் வாங்கித் தோற்றோம். அழுதுகொண்டு நின்ற எங்களிடம் வந்து, "ஏழு தபா உள்ள வுட்டீங்க, சரி. இருவத்திமூணு தபா தட்த்தீங்களே, அத்த யாரு சொல்றது?" என்றார். அந்த இருபத்து மூன்றில், பந்து தானாகவே வெளியே போனதும் சேர்த்தி.

அடுத்த வாரம் செல்வி வரவில்லை. அரை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுகிறாளாமே என்று தெருவில் பேச்சு. அவள் அப்பா நிறுத்திவிட்டார். கோல்கீப்பர் இல்லாமல் டீம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தோம். பஞ்சர் அண்ணன் கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் திருமுல்லைவாயிலில் செல்வி வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"நாலு பேரு தப்பா பேசறாங்கபா" என்றார் செல்வியின் அப்பா.

"அந்த நாலு பேரு வந்து கோலுல நிப்பாங்களா? நீ வந்து நிக்கறியா நைனா? இல்லல்ல? அப்போ பாப்பாவ அனுப்பு."

மறுநாள் செல்வி வந்தாள். அவளை வைத்துக்கொண்டுதான் பிறகு மாவட்டக் கோப்பையை ஜெயித்தோம். பஞ்சர் அண்ணன், காற்றடிக்க வந்த லாரிக்காரர்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, "எங்க டீமு, தெர்தா?" என்று முழு மேட்ச்சையும் சொல்லி முடித்த பிறகுதான் விட்டார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அப்போதும் அவருக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை. லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "மூச்சு வாங்குதுபா" என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை.

திருமழிசையில் அவர் வீட்டுக்கு டீம் ஜெர்சியிலேயே போனோம். ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில், செல்வி யாரையும் கேட்காமல் முன்னால் போய் ஒரு பிடியைப் பற்றிக்கொண்டாள். நாங்கள் ஐந்து பேர் மற்ற பிடிகளைப் பற்றினோம்.

"பொம்பள புள்ளைங்க தூக்கறதா? நகருங்கமா" என்றார் ஒரு உறவினர்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அவர் மனைவி எஸ்தர் அண்ணி தலை நிமிர்ந்தார். "ஆறு வருஷமா இவங்க பின்னாலயேதான் சுத்திகினு இருந்தாரு. இன்னிக்கும் இவங்களோடயே போவட்டும்."

பெட்டியைத் தோளில் ஏற்றினோம். நல்ல கனம். கல்லறைத் தோட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஆண்கள் மூன்று தடவை வந்து, "தோள் மாத்திக்கலாமா?" என்று கேட்டார்கள்.

நாங்கள் கொடுக்கவில்லை.