மணி அடிக்கும்வரை மூழ்கியிருத்தல்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெருஞ்சாதனை, 1992ஆம் ஆண்டு சண்டிலிப்பாயில் எங்கள் 'பொழுதுபோக்கு நீச்சலாளர் மூச்சடக்கற் கழகம்' தொடங்கப்பட்டதுதான். இதை நான் சொல்லவில்லை. கழகத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அவர்களே தமது தலைமையுரையில் சொன்னார்.

மூச்சடக்கிப் பழகினால் நெஞ்சு விரியும், பதற்றம் போகும், நெடுநேரம் நீந்தலாம் என்று அவர் கண்டறிந்திருந்தார். தண்ணீரில் இறங்கினால் மூக்கொழுகித் தடிமன் பிடிக்கும் என்பதையும் கண்டறிந்திருந்ததால், பயிற்சி முழுவதும் வாசிகசாலைக் கதிரைகளிலேயே நடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக அமர்ந்திருப்போம். முகம் சிவந்தவர் 'தேர்ச்சி' பெற்றவர்.

உண்மையில் நீந்தத் தெரிந்த உறுப்பினர் ஒருவர்தான்: தபால் கந்தோர் இராசநாயகம். ஆகவே ஆண்டுவிழாவன்று ஊர்க் கேணியில் மூழ்கிக் காட்டும் பாக்கியம் அவருக்கே கிடைத்தது. பொருளாளர் பொன்னம்பலம் மணி அடிக்கும்வரை அவர் அடிப்படிக் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டும். அதற்கு முன் தலை தெரிந்தால் கழகத்துக்கு அவமானம்.

அவர் மூழ்கினார். தலைவர் எழுந்து 'இரண்டு வார்த்தை' பேசத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத காலம். ஆனால் தலைக்குமேல் குண்டு போடப் பொம்மர் வந்தாலும் பேச்சை நிறுத்தாத மனிதருக்கு ஒலிபெருக்கி எதற்கு? பேச்சில் நெருப்பு வந்தது, சக்கரம் வந்தது. இராசநாயகம் மட்டும் வரவில்லை.

"மணியை அடியுங்கோ! இவர் உள்ளுக்கை கிடக்கிறார்!" என்று அவருடைய மனைவி ஞானாம்பிகை கத்தினார்.

பொன்னம்பலம் மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? தலைவர் பேசேக்கை மணி அடிச்சால், 'போதும், இருங்கோ' எண்டு சொன்ன மாதிரியெல்லே போகும்?"

"குமிழிகூட வரேல்லை, அண்ணை!"

"ஓம். அதுதான் பயிற்சியின்ரை பலன்."

நாங்கள் மெய்ம்மறந்து கைதட்டினோம்.

நீந்தத் தெரியாத ஞானாம்பிகை சேலையோடு இறங்கினார். குனிந்து துழாவி, கணவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து படியில் குப்புறக் கிடத்தி, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். நீலம் பாரித்திருந்த இராசநாயகம் தண்ணீரைக் கக்கினார். இருமினார். கண் திறந்தார்.

"தலைவர்... முடிச்சிட்டாரோ?"

"இன்னும் இல்லை. மூச்சடக்கிப் பழகினவன் தண்ணியிலை சாகமாட்டான் எண்டு இப்பதான் சொல்லுறார்" என்றேன் நான்.

ஞானாம்பிகை நேரே போய்ப் பொன்னம்பலத்தின் கையிலிருந்த மணியைப் பறித்துக் கேணியின் நடுவில் எறிந்தார். "தொண்டை கிழியக் கத்தினன். ஒருத்தரெண்டாலும் இறங்கினியளோ?"

சபை நாகரிகம் தெரியாத அந்த அம்மையாரைச் செயற்குழு அன்றே ஏகமனதாகக் கண்டித்தது. மணியை மீட்க 'துரித நடவடிக்கை' எடுப்பதாகவும் தீர்மானித்தது.

மூன்று வருடம் ஆகிறது. கேணியில் கழுத்தளவுதான் தண்ணீர். தேர்ச்சி பெற்ற உறுப்பினர்கள் ஐம்பது பேர் இருக்கிறோம். மணி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மனிதனுக்கு இறங்காதவர்கள் மணிக்கா இறங்கப்போகிறோம்?