மதம் என்ற கட்டத்தில் எழுதியது

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று நானே எழுதியதற்குச் சிரிக்க வேண்டாம், கடிதமென்றால் அது வேண்டியிருக்கிறது.

உங்கள் தங்கை போய் இன்றோடு பத்தொன்பது நாள். அவள் பெயரில் பிரார்த்தனை வைக்கலாமா என்று போனில் கேட்டீர்கள். அதற்குப் பதிலை எழுதியே அனுப்புகிறேன்: வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். முள் அசையவில்லையென்றால் தண்ணீர் வரவில்லை. கடவுள் விஷயத்திலும் அப்படித்தான், இல்லையென்றால் இல்லை. அவளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். "டெஸ்டே பண்ணாம நெகட்டிவ்னு எழுதக் கூடாதுங்க. தெரியாதுன்னுதான் எழுதணும்" என்பாள். கல்யாணமான வாரத்திலிருந்து இதே சண்டைதான் எங்களுக்கு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேனாவைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதினாள். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்து, பாவம், ஞாபகம் தப்பிவிட்டது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, இருதய டாக்டரிடம் போக வேண்டியவளை மூளை டாக்டரிடம் தள்ளிவிட்டாள். அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இவள் இரண்டு வரைக்கும் இறங்கிவந்து, அவர் அறைக் காலண்டரில் போன மாதமே தொங்குகிறது என்பதையும் எடுத்துச் சொன்னாள். அப்புறம் மதம்கூடவா மறந்துவிட்டது என்று அவர் கேட்க, கடவுள் இல்லவே இல்லை என்கிற ஆள் இவர், நான் முடிவு சொல்லாத ஆள் என்று என்னைக் காட்டி விளக்கினாள். இரண்டும் ஒன்றுதானே என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கால் மணி நேரம் பாடம் நடந்தது, வெளியே வரிசை வளர்ந்துகொண்டே போனது. அந்தத் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று இருதய டாக்டர் பிறகு சொன்னார். நான்தான் மூன்று தடவை கேட்டேன்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், "நான் போனப்புறம் எங்கயாவது இருப்பேனாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்காக மாத்திச் சொல்லாதீங்க. எப்பவும் போல இல்லைன்னே சொல்லுங்க. அப்பதான் பயமில்லாம இருக்கு."

கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தூங்கிப்போனாள். மறுநாள் மதியம் நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது முடிந்துவிட்டது. அவள் கேட்டு நான் சொன்ன கடைசி வார்த்தை அது மச்சான். அதை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. ஆகையால் பிரார்த்தனை வேண்டாம், தவறாக நினைக்காதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், யாருடைய ஆசி என்று கேட்டால், என்னுடையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: பிரார்த்தனை வைத்துவிடுங்கள். நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லச் சொல்லுங்கள்.