வாசலுக்கு இடம் மாறிய பிரசங்க மேடை

கர்த்தருக்குள் பிரியமான பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, கல்யாணப் பெண் மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், பேராயர் அலுவலகத்தில் உங்கள் மேசை பேராயரின் அறைக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக நகரவும் அனுதினமும் ஜெபிக்கிறோம். அந்த மேசையை நம்பித்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் போதகரை மாற்ற வேண்டும். மகள் கல்யாணத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. என் முழங்கால் ஆபரேஷனுக்கு நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபித்தவர். டாக்டர் வந்தது இரண்டு தடவைதான். பெரிய சபையாகப் பார்த்துப் பதவி உயர்வோடு அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இவருக்கு ஒரு தரிசனம் கிடைத்திருக்கிறது, மச்சான். அதுதான் வினை.

வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று, வருங்காலத்தில் நம் சபை எப்படி இருக்கும் என்று ஆண்டவர் தனக்குக் காட்டினார் என்றார். ஆலயம் நிறைந்திருக்கிறதாம், முதல் பெஞ்சில்கூட இடம் இல்லையாம். ஆமென் சொல்வதற்குக் காசா பணமா, எல்லோரும் சொன்னோம். எங்கள் சபையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மொத்தக் கூட்டமும் வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். முன் பெஞ்சுகளில் தூசிதான் ஆராதனை செய்யும். போதகர் கெஞ்சினார், சிரித்தார், பாட்டுக்கு நடுவில் கையைக் காட்டிக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம், பெஞ்சுகள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பிரசங்க மேடை வாசலுக்குப் பக்கத்தில். நான் வழக்கமான கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போதகர் என் மூக்குக்கு நேரே நின்று, "நீங்க வரலேன்னா என்னங்க, நான் வந்துட்டேன்" என்றார்.

நான் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மேலே, கீழே என்று இரண்டு திசை தெரிந்தால் போதும் என்று காலம் தள்ளியவன். எனக்கு முன் பின் குழம்பிவிட்டது. மற்றவர்கள் குழம்பவில்லை. அடுத்த வாரமே மொத்தச் சபையும் மேடை முன்பு இருந்த கோடிக்கு ஓடியது. பத்து வருடமாக யாரும் தொடாத பெஞ்சுகளில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போட்டார்கள், பைபிளைப் போட்டார்கள், ஒரு அம்மா தன் கைக்குழந்தையையே போட்டார். போதகர் முகம் மலர்ந்து, "பாத்தீங்களா, பழைய முன் பெஞ்சு அத்தனையும் நிறைஞ்சுடுச்சு. தரிசனத்துல பாதி முடிஞ்சுது" என்கிறார். இந்த மனிதரை எப்படித் தோற்கடிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

சுவர்க் கடிகாரத்தை யாரும் நகர்த்தவில்லை. அது முன்பு போதகரின் கண்ணுக்கு நேரே இருந்தது, நேரம் பார்த்து முடிப்பார். இப்போது அது அவர் தலைக்கு மேலே. எங்கள் எல்லோருடைய கண்ணும் ஏக்கத்தோடு மேலேயே இருக்க, சபை வானத்தை நோக்க ஆரம்பித்துவிட்டது என்று பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் நீட்டுகிறார். தாமதமாக வருகிறவர்கள் பாடு அதைவிட மோசம். எங்கள் தையற்காரர் ஜெபத்தின் நடுவில் சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். நாங்கள் கண் திறந்தபோது ஹெல்மெட்டும் கையுமாகப் போதகர் பக்கத்தில் நிற்கிறார். போதகர் சமாளித்துக்கொண்டு, "சகோதரர் ஒரு சாட்சி சொல்வார்" என்றுவிட்டார். பாவம், அவருக்கு வேறு என்ன வரும். "எல்லாரோட துணியையும் புதன்கிழமைக்குள்ள குடுத்துடுறேன்" என்றார். எங்கள் சபை சரித்திரத்திலேயே பெண்கள் அவ்வளவு சத்தமாக ஆமென் சொன்னதில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன், மச்சான். போன வாரம் எங்கள் சபை எலக்ட்ரீஷியன் மகளின் கல்யாணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண் காரை விட்டு இறங்கினாள், படி ஏறினாள், கதவைத் திறந்தார்கள், திறந்த இடத்திலேயே போதகரும் மாப்பிள்ளையும். அவ்வளவுதான். அப்பா கார்க் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் மகள் மோதிரத்துக்கு விரலை நீட்டிவிட்டாள். மனிதர் புதுக் கோட்டோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார், யாரோ கல்யாணத்தை எட்டிப் பார்க்க வந்தவர் மாதிரி.

என் கதியும் அதுதானே. உங்கள் மருமகள் சாலையைக் கடக்க என் கையைப் பிடிப்பதை எந்த வயதில் நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் பிடிக்கவில்லை, அப்புறம் பிடிக்கவே இல்லை. கல்யாணத்தன்று வாசலிலிருந்து மேடை வரை அப்பா மகளை அழைத்துப் போகும் அந்த நீள நடையில் ஒரு தடவை பிடிப்பாள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்புறம் அவள் வேறு ஊர், வேறு வீடு. அந்த நடை எனக்கு வேண்டும், மச்சான். அதற்காகத்தான் ஆபரேஷனுக்கே சம்மதித்தேன். மகளிடம் சொன்னால், "ஏம்பா, நடக்கிறதுக்கா கல்யாணம் பண்றாங்க?" என்று சிரிக்கிறாள். உங்கள் தங்கையோ, "உங்களுக்கு முன் பெஞ்சுல உக்காரப் பயம். அதுக்குப் பொண்ணைச் சாக்கு சொல்றீங்க" என்கிறாள். போதகரிடமே போய், கல்யாணத்துக்கு மட்டும் மேடையைப் பழைய இடத்தில் வைக்கக் கேட்டேன். "தரிசனத்துக்கு லீவு கிடையாதுங்க" என்றார்.

ஆகவே நீங்கள் பேராயர் காதில் ஒரு வார்த்தை போடவேண்டும். ஆண்டவருடைய முகம் உங்கள் குடும்பத்தின் மேல் பிரகாசிப்பதாக. பேராயர் முகமும் பிரகாசிக்கிற நேரமாகப் பார்த்து விஷயத்தை எடுங்கள். அக்காவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை எதுவும் கேட்காத,
மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் போதகர் ஒத்திகைக்குக் கூப்பிட்டனுப்பினார். முறைப்போடுதான் போனேன். என்னையும் மகளையும் மேடை முன்பு இருந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறைக்குள் அனுப்பி, "இங்கேருந்து கிளம்புங்க. வாசல் வரைக்கும் நடங்க. முன்னால இருந்த நடையைவிட ஒரு அறை நீளம் கூடுதல்" என்றார். கிளம்பினோம். மகள் என் கையைப் பிடித்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "மெதுவா நடங்கப்பா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். முன்பு போல மேடை உள்ளே இருந்திருந்தால் நான் சுவரைப் பார்த்து நடந்திருப்பேன். இப்போது நேர் எதிரே வாசல் திறந்து கிடந்தது. வெளியே தெருவும், போகிற வண்டிகளும் தெரிந்தன. இவள் அந்தப் பக்கமாகத்தான் போகப்போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலுக்கு வந்தும் நான் கையை விடவில்லை. "ஐயா, ஒத்திகைதான், விடலாம்" என்றார் போதகர். ஒத்திகைதானே, இன்னொரு தடவை நடக்கிறோம் என்றேன். மூன்று தடவை நடந்தோம். அதனால் பேராயரிடம் எதுவும் சொல்லவேண்டாம். இந்தப் பின்குறிப்பு வரை படிக்காமல் அவசரப்பட்டு ஏதாவது காதில் போட்டிருந்தால், புகார் கொடுத்தவனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். யாரும் அந்த மேடையைத் தொடக்கூடாது. நாலாவது தடவைக்கு நாங்கள் அந்த அறைக்குத் திரும்பியபோது போதகர் விளக்கை அணைத்துவிட்டார். மனிதருக்குத் தரிசனம் இருக்கிற அளவுக்குப் பொறுமை இல்லை. இருட்டிலேயே நடந்து வந்தோம்.