மூன்றாவது கொட்டேஷன்

மூன்று கொட்டேஷன்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. எந்தக் கடை வாசலிலும் இவர்களை எளிதில் அடையாளம் காணலாம். கத்தரிக்காயைக் கையில் எடுத்து, விலை கேட்டு, கீழே வைத்து, பக்கத்துக் கடையில் விலை கேட்டு, அதற்கும் பக்கத்துக் கடையில் விலை கேட்டு, முதல் கடைதான் மலிவு என்று கண்டுபிடித்துத் திரும்பி வருவதற்குள் அந்தக் கத்தரிக்காயை வேறு யாரோ வாங்கிப் போயிருக்க, 'நல்லவேளை, நாம் ஏமாறவில்லை' என்று வெறும் பையோடு வீடு போய்ச் சேருகிற புண்ணியவான்கள் இவர்கள். ஏமாறவில்லைதான். குழம்பில் கத்தரிக்காயும் இல்லை.

அரியலூர் ராசாங்கம் இந்த இனத்தில் தலைப்பிள்ளை. ஊருக்கு வெளியே ஒரு சிமெண்டு ஆலையில், பர்சேஸ் செக்ஷனில், தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தவர். துடைப்பம் வாங்கினாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஆலையின் விதி. விதி ஆலைக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அதை இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்திருப்பார். மகளுக்கு வரன் பார்த்தபோது முதலில் வந்த ஜாதகம் அருமையாகப் பொருந்தியது. ஆனால் கையில் ஒன்றுதானே இருக்கிறது? மற்ற இரண்டும் வந்து சேர்வதற்குள் முதல் மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, காதுகுத்துக்கும் அழைப்பு வந்துவிட்டது. ராசாங்கம் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். மகளுக்கும் பிறகு நல்ல இடமே அமைந்தது என்று வையுங்கள். அதுவும் மூன்றாவது ஜாதகம்தான் என்பதால் அவருடைய நம்பிக்கை இன்னும் பலப்பட்டுப் போயிற்று.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் இது. அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கி, அப்புறம் வேண்டாம் என்று பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த நேரம். அரசாங்கமே அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது ராசாங்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமா? அந்த வருஷத்தில்தான் ஆலை, ஓய்வு பெற்றவர்களுக்கு மருந்துச் செலவுக்காக இரண்டு திட்டங்களை அறிவித்தது. முதல் திட்டத்தில் சேர்ந்தால் மருந்துப்படி என்று மாதாமாதம் ஒரு தொகை கையில் வரும். மாத்திரை வாங்கினாலும் சரி, மைசூர்பாகு வாங்கினாலும் சரி. இரண்டாவதில் சேர்ந்தால் ஓர் அட்டை கொடுப்பார்கள். ஆலை சொல்லும் மருந்துக்கடையில் அட்டையை நீட்டி, பட்டியலில் இருக்கிற மருந்தை வாங்கிக்கொள்ளலாம். நாம் கால் பங்கு, ஆலை முக்கால் பங்கு. மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்ன செய்வோம்? இதா அதா என்று பார்த்து ஒன்றில் போட்டுவிட்டு வருவோம். ராசாங்கம் அறிவிப்பைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார், அவருக்கு வியர்த்தது. திட்டம் இரண்டுதான் இருந்தது.

மூன்றாவது எங்கே?

வீட்டில் மனைவி அமிர்தவல்லிக்குப் பிரஷர். தினம் காலையில் ஒரு மாத்திரை போட்டாக வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இத்தனை அமர்க்களமும் அந்த ஒரு மாத்திரைக்காகத்தான். ராசாங்கம் அவர் பங்குக்கு இருமல் மிட்டாய்கூட வாங்காத உடம்புக்காரர். அறிவிப்பு வந்த அன்றே அவர் மனைவியைக் கூப்பிட்டு ஓர் உத்தரவு போட்டார்.

"அமிர்தம், கையில இருக்கிற மாத்திரை தீந்தாலும் புதுசு வாங்கிடாத. திட்டத்துல சேர்றதுக்கு முன்னாடி வாங்கினா அது நம்ம காசு. சேர்ந்தப்புறம் வாங்கினா கம்பெனி காசு."

"எப்பங்க சேருவீங்க?"

"நாளைக்கே சேர்ந்துடலாம். முடிவு பண்ண வேண்டியதுதான் பாக்கி."

அமிர்தவல்லி அடுப்படிக்குத் திரும்பினாள். இவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு நாளைக்கு என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதா?

முடிவு பண்ணும் படலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்தது. இந்த இனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. விசாரிக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள், கடைசியில் விளக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு திட்டத்தின் ஷரத்துகளையும் எண் பிசகாமல் ஒப்பித்து, கால் பங்கு என்றால் பில்லில் கால் பங்கா மாத்திரையில் கால் பங்கா என்று கேள்வியும் கேட்டு, அதற்குப் பதிலும் அவரே சொல்லி, கேட்டவர்கள் டீயெல்லாம் ஆறிப்போகும்வரை அவர் விடவில்லை. ஆலையில் மூட்டை ஏற்றி ஓய்வு பெற்ற தர்மன் ஒருநாள் அகப்பட்டார்.

"நீங்க எதுல சேர்ந்தீங்க, தர்மன்?"

"ரெண்டாவதுலங்க சார். மொத நாளே போட்டுட்டேன்."

"ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"எதோடங்க சார்?"

ராசாங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். விவரம் தெரியாத மனுஷன், மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார். தர்மன் டீயைக் குடித்துவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் தட்டிப் பார்த்துக்கொண்டு, மருந்துக்கடைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது கொட்டேஷனைத் தேடிப் பெரம்பலூரிலிருந்து ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டையே வரவழைத்தார் ராசாங்கம். வேணுகோபால் என்று பெயர். நல்ல பையன், டை கட்டியிருந்தான், அந்த வெயிலில் அதற்காகவே அவனுக்கு ஒரு பாலிசி போடலாம்.

"சார், எங்க பாலிசியில ஆஸ்பத்திரி செலவு மொத்தமும் வந்துடும். மருந்து, மாத்திரை, ரூம் வாடகை, எல்லாம்."

"வீட்டுல சாப்பிடுற மாத்திரைக்கு?"

"அதுக்கு வராதுங்க சார். அட்மிட் ஆகணும். ஒரு நாள் முழுசா படுத்திருக்கணும்."

"என் சம்சாரம் உக்காந்துக்கிட்டுத்தான் மாத்திரை போடுறா."

"படுத்தாத்தான் சார் பணம்."

"சரி, வருஷம் பூரா யாருமே படுக்கலைன்னா? கட்டின பணம் திரும்ப வருமா?"

"வராதுங்களே."

"அப்ப நல்லா இருக்கிறவனுக்கு நஷ்டம்னு சொல்லு."

வேணுகோபால் டையைத் தளர்த்திக்கொண்டான். அமிர்தவல்லி அவனுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆடி மாசத்தில் இவளுக்கு எங்கிருந்து ஜலதோஷம் வந்தது என்று ராசாங்கம் ஒரு கணம் நினைத்தார். அதற்குள் ஏஜெண்டு இன்னொரு ஷரத்தைச் சொல்ல, நினைப்பு அதன் பின்னால் ஓடிவிட்டது.

ஆக, மூன்று கொட்டேஷன் வந்துவிட்டது. இனி முடிவு செய்துவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது, தகுதியில்லாத கொட்டேஷன். மாத்திரைக்குக் கொட்டேஷன் கேட்டால் கட்டிலுக்குக் கொடுத்திருக்கிறான். தகுதியில்லாததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதும் பழைய ஆலை விதிதான். மறுபடி இரண்டாகிப் போயிற்று.

மனிதர்களிடம் கிடைக்காததைத் தெய்வத்திடம் கேட்பது என்று தீர்மானித்து, வெள்ளிக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு சிறுவாச்சூருக்குக் கிளம்பினார். அம்மன் சந்நிதியில் பூப் போட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதா? கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பார்ப்போம். மருந்துத் திட்டத்துக்குப் பார்த்தவர் அநேகமாக இவர் ஒருவர்தான். பெரம்பலூரில் இறங்கி அடுத்த பஸ் ஏறியபோது அமிர்தவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"கிறுகிறுன்னு வருதுங்க."

"பஸ்ஸுல டீசல் வாடை. ஜன்னலோரமா உக்காரு, சரியாப் போயிடும்."

வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், முதல் திட்டம். சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டாவது திட்டம். எல்லாரும் இரண்டு பொட்டலம்தான் கட்டுவார்கள். ராசாங்கம் திருநீற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டினார். அது என்ன திட்டம் என்று பூசாரி கேட்டதற்கு, "இன்னும் முடிவாகலைங்க, ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன்" என்றார். வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை கையை நீட்டி எடுத்தது. வெள்ளை வந்தது.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் பூசாரி.

"ஒரு தடவையில எப்படிங்க? இன்னும் ரெண்டு தடவை பார்த்துடலாம்."

அம்மனிடமே மூன்று கேட்ட முதல் பக்தர். இரண்டாம் தடவை சிவப்பு வந்தது. மூன்றாம் தடவை திருநீறு வந்தது. குழந்தை அந்தப் பொட்டலத்தை வாயில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், பூசாரி கற்பூரத் தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அமிர்தவல்லி மட்டும் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் ராசாங்கம்.

கெடுவின் கடைசி நாள் வந்தது. இரண்டு திட்டத்தின் ஷரத்துகளும் தலைக்குள் சண்டை போட, ராசாங்கம் ஆலை ஆபீஸுக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் சத்யா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற்றவர்கள் விவகாரமெல்லாம் அவள் பொறுப்பு. ராசாங்கம் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார். முதல் திட்டத்தின் அனுகூலங்கள், பிரதிகூலங்கள், இரண்டாவதின் ஷரத்துகளில் தமக்குள்ள ஐயங்கள், கொள்முதல் நெறிமுறைப்படி மூன்றாவது ஒன்று இல்லாத குறை. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டுங்கய்யா. அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரை."

"பேரு சொல்லுங்க. பட்டியல்ல இருந்தா ரெண்டாவது போடலாம். இல்லைன்னா முதல்."

ராசாங்கம் வாயைத் திறந்தார். ஷரத்து எல்லாம் வந்தது, பெயர் வரவில்லை. வெள்ளையா இருக்கும் என்றார். சின்னதாக, வட்டமாக என்றார். பட்டியலில் முக்கால்வாசி மாத்திரை அப்படித்தான் இருக்கும் என்று அவள் மரியாதையாகச் சொல்லிவிட்டு, போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வூட்டுக்குப் போட்டுக் கேளுங்கய்யா. மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொல்லட்டும்."

அமிர்தவல்லிதான் எடுத்தாள்.

"அமிர்தம், உன் மாத்திரை பேர் என்ன? அட்டையைப் பார்த்துச் சொல்லு."

"எந்த அட்டைங்க? அது தீந்து போயி நாளாச்சே. கடைசியில இருந்ததைப் பாதி பாதியா வெட்டிப் போட்டேன். அதுவும் தீந்துருச்சு. நீங்கதான் வாங்க வேணாம்னீங்களே."

குறையாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். தலையில் கட்டிய துண்டு, கிறுகிறுப்பு, தூணில் சாய்ந்து மூடிய கண், எல்லாம் ராசாங்கத்தின் கண்முன்னே ஒன்றாக வந்து நின்றன. போனைக்கூடச் சரியாக வைக்காமல் எழுந்தார்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவர் எந்த ஆட்டோவிலும் வாடகை கேட்கவில்லை. ஊர் வரலாற்றில் அது குறித்து வைக்கப்பட வேண்டிய நாள். வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, அமுக்கி, பார்த்து, மறுபடி சுற்றி, மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இவ்வளவு ஏறியிருக்கே. வாய் கோணிப் படுத்திருந்தா என்னம்மா பண்ணுவீங்க? மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

அமிர்தவல்லி கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நிறுத்தலைங்க டாக்டர். ரெண்டு கொட்டேஷன் வந்துருச்சு. மூணாவது வரட்டும்னு காத்திருந்தோம்."

டாக்டருக்கு விளங்கவில்லை. ராசாங்கத்துக்கு விளங்கியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே அவர் அழுதார். பர்சேஸ் செக்ஷனில் அத்தனை வருஷம் ஒரு பைசா நஷ்டம் வராமல் பார்த்துக்கொண்ட மனுஷன், வீட்டில் எதைக் கைநழுவ விட இருந்தோம் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முதலில் கண்ணில் பட்ட கடையில் வாங்கினார். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டார். அங்கேயே தண்ணீர் வாங்கிக் கொடுத்து அவளை விழுங்க வைத்து, டாக்டர் சொன்னபடி அவளை அவருடைய கிளினிக்கில் படுக்க வைத்துவிட்டு, ஆபீஸ் மூடும் நேரத்தில் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். சத்யா கதவைப் பூட்டாமல் காத்திருந்தாள். அட்டையை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"இருக்குங்கய்யா. ரெண்டாவது போட்டுக்குங்க. முதல் திட்டத்துல தர்ற காசுக்கு இந்த மாத்திரை பாதி மாசத்துக்குத்தான் வரும்."

கையெழுத்துப் போட்டார். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். அமிர்தவல்லிக்குப் பிரஷர் இறங்கியது. அந்த மட்டில் சந்தோஷம். ராசாங்கம் அடுத்த வாரமே டீக்கடையில் உட்கார்ந்து, "மொதல்ல மாத்திரை பேரைப் பாருங்கய்யா, அப்புறம் திட்டத்தைப் பாருங்க" என்று தாமே கண்டுபிடித்த சாஸ்திரம் போல எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். தர்மனும் தலையை ஆட்டிக் கேட்டார், பாவம், டீ ஆறிக்கொண்டிருந்தது.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. எந்த பேங்கில் கால் சதவீதம் வட்டி கூட, எந்தக் கடையில் துவரம்பருப்பு ஒரு ரூபாய் குறைவு, திருச்சிக்கு எந்த பஸ் வேகமாகப் போகும், எல்லாம் உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாற்காலியை விட்டு எழாமல், அடுப்படிப் பக்கம் குரல் கொடுக்காமல் சொல்லுங்கள். உங்களோடு வாழ்கிறவர் தினமும் விழுங்குகிறாரே, அந்த மாத்திரை என்ன?

நான் கேட்டது பெயரை. நிறத்தை இல்லை.