கருங்கரடியும் 'அப்பவே சொன்னேன்' ஆசாமியும்

மனிதர்களில் 'அப்பவே சொன்னேன்' என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குப் பழக்கமான இனம்தான். குழாய் உடைந்து தண்ணீர் கூடத்துக்கு வந்த பிறகு, மருமகன் வேலையை விட்ட பிறகு, கடைசிப் பேருந்தும் போய்த் தொலைந்த பிறகு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். எப்போது சொன்னார்கள்? யாரிடம்? கேட்டுவிடாதீர்கள். "உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்று பழி நம் தலையில் வந்து விழும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை ஆறு வருடம் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் எங்கள் ஆசியக் கருங்கரடி ஆய்வு நிலையத்தின் துணை இயக்குநர். நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட கரடிகளை நல்லபடி வளர்ப்பதும் குட்டி போட வைப்பதும் நிலையத்தின் வேலை. அவற்றின் கழிவை உலர்த்திப் பொடித்து ஹார்மோன் அளப்பது என் வேலை. வீட்டில் கைகழுவச் சொல்லாத நாள் இல்லை.

அந்த இனத்துக்குக் கருங்கரடியின் கர்ப்பத்தைவிடத் தோதான விளைநிலம் கிடையாது. கோடையில் இணை சேரும். கரு உடனே ஒட்டாது, மாதக்கணக்கில் கருப்பையில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். குளிர்காலம் தொடங்கும்போது மனம் வைத்தால் ஒட்டும். ஒட்டாவிட்டாலும் ஹார்மோன் ஏறும், கரடி வைக்கோல் சேர்க்கும், சாப்பாட்டை வெறுக்கும், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம், கடைசியில் ஒன்றும் இருக்காது. பிறக்கும் குட்டியோ உள்ளங்கையில் அடங்கும். தாயின் ரோமத்துக்குள் புகுந்துவிட்டால் கேமராவுக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் அவர் என்ன செய்தார்? முன்கூட்டி எதையும் சொல்லாமல் இருந்தார். அதுதான் அந்த இனத்தின் மூலதனம்.

அந்த வருடம் 'சீமாட்டி' என்று நாங்கள் கூப்பிட்ட பெண் கரடிக்கு ஹார்மோன் ஏறியது. அளவுத் தாளைத் துணை இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், உண்டா இல்லையா?"

தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "உண்டுன்னும் சொல்லிட முடியாது, இல்லன்னும் தள்ளிட முடியாது. நான் என்ன நினைக்கிறேன்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியாது.

கரடிகளுக்குச் சோறு போட்டு, குகை கழுவி, காயத்துக்கு மருந்து தடவும் பராமரிப்பாளர் அக்கா அப்படியில்லை. "இது உண்டாயிருக்கு சார். குகைக் கதவ அடைச்சிடலாம். யாரும் கிட்டப் போக வேண்டாம்" என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். இரண்டு வருடம் முன்பு இதே கரடியைப் பற்றி இதையே சொல்லி, பொய்க் கர்ப்பமாகப் போய், "இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்பதைக் குளிர்காலம் முழுக்கக் கேட்டவர் அவர். இந்தத் தடவையும் தவறினால் அவரைத் தீவனக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகப் பேச்சு இருந்தது.

குளிர்காலம் வந்தது. கதவு அடைபட்டது. உள்ளே ஒரு கேமராவும் ஓர் ஒலிவாங்கியும் மட்டும். பிறக்க வேண்டிய நாள் போயிற்று. மேலும் பத்து நாள் போயிற்று. திரையில் ஒரு கறுப்பு மூட்டை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

துணை இயக்குநர் வந்தார். மேலிடத்திலிருந்து குழு வரப்போகிறது, அறிக்கையில் ஏதாவது எழுத வேண்டும். "கதவத் திறந்து பாத்துடலாம்மா."

"வேண்டாம் சார். உள்ள குட்டி இருந்து, தாய் மிரண்டா, அதுவே கொன்னுடும். ஒரு வாரம் குடுங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் கிடங்குக்குப் போறேன்."

"அப்ப உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க."

அக்கா எழுதினார். கையெழுத்து நேராக விழுந்தது.

அன்று முதல் நானும் அக்காவும் முறை வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். குறட்டை கேட்டது. வைக்கோல் சரசரத்தது. மறுபடி குறட்டை. ஐந்தாம் நாள் முற்பகலில், தேன்கூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தாற்போல், விட்டு விட்டு ஒரு ரீங்காரம். பால் குடிக்கும் கரடிக் குட்டி மட்டுமே போடும் சத்தம் அது. அக்காவிடம் நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசி அடங்குது அதுக்கு" என்றார்.

துணை இயக்குநரும் வந்து கேட்டார். தலை லேசாகச் சாய்ந்தது. கைகள் பின்னால் போயின. வேறென்ன?

"நான் அப்பவே சொன்னேன்ல?"

மேலிடத்துக் குழு முன்னால் அது இன்னும் கொழுத்தது. குகையைத் திறக்கவே கூடாது என்று தான் எப்படி ஒற்றைக்காலில் நின்றார் என்பதை முக்கால் மணி நேரம் விவரித்தார். குழு குறிப்பெடுத்தது. அக்கா கடைசி வரிசையில் கையைத் தூக்கினார்.

"சார், உள்ள ஒரு குட்டியா, ரெண்டா? இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்க இப்பவே சொல்லிடுங்க, பலகையில எழுதிடலாம்." சொல்லிக்கொண்டே எழுந்து போய் எழுதுகோலை அவர் பக்கம் நீட்டினார்.

இருபது பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். "பாக்கலாம்" என்றார். குழுவின் தலைவி எழுதிக்கொண்டிருந்த குறிப்பை நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கிழித்தார். பிறகு அக்காவைப் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அக்கா கிடங்குக்குப் போகவில்லை. வசந்தத்தில் சீமாட்டி வெளியே வந்தபோது பின்னாலேயே இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன. ரெண்டு என்று துணை இயக்குநர் அப்பவே சொன்னாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அக்கா எழுதிக் கொடுத்த இடத்திலேயே, 'உள்ளே குட்டி இருக்கத்தான் போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும்' என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூட வாய் திறந்துவிட்டீர்களே. கைகள் எங்கே இருக்கின்றன என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.